கடல் மட்டத்திலிருந்து

புதுச்சேரி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று ஓர் எண். மிகச் சிறிய எண்.

தண்டவாளம் இங்கே முடிகிறது. அப்பால் வீடுகள். வீடுகளுக்கு அப்பால் கடல்.

1879-இல் போட்ட பாதை.

*

மேசைமேல் இரண்டு வரைபடங்கள். ஒன்றில் நீலகிரி. மற்றதில் ஆல்ப்ஸ்.

மின்விசிறிக் காற்றில் ஓரங்கள் எழுகின்றன. அடங்குகின்றன.

ஆல்ப்ஸ் படம் லியோனிலிருந்து அக்கா மகள் அனுப்பியது. கோடையில் வரச் சொல்கிறாள். இந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அங்கே ஒருவர் இருக்கிறார்.

*

பென்சில் நகர்கிறது. லியோன். ஜெனீவா. ஏரிக்கரை ஓரமாக, கிழக்கே. பிறகு ரோன் நதியோடு பிரிக் வரை.

பிரிக்கில் வண்டி மாற வேண்டும். ஸ்டாண்டர்ட்கேஜ் முடிந்து மீட்டர்கேஜ் தொடங்குகிறது.

மூச்சு உள்ளே வருகிறது. வெளியே போகிறது. பென்சில் பிரிக்கிலேயே நிற்கிறது.

*

ஏரியின் கிழக்கு முனையில் வில்னெவ். சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர். 1931 டிசம்பரில் காந்தி அங்கே போய்ச் சில நாள் அவரோடு தங்குகிறார்.

புதுவை நூலகத்துக்கு ரோலண்டின் பெயர். நூலகம் தொடங்கியது 1827. அவர் பிறந்தது 1866. இந்தக் கணக்கு எப்போதும் சிறிது சிரிப்பைத் தருகிறது.

வாசகசாலையில் யாரோ நாளிதழ் திருப்பும் ஓசை. அந்த ஓசை நின்ற பிறகு இருப்பது.

*

பிரிக்குக்கு அப்பால் ஃபூர்க்கா கணவாய்.

1982-இல் மலைக்கு அடியில் 15 கிலோமீட்டர் சுரங்கம் திறக்கிறார்கள். அதிலிருந்து எல்லாக் காலத்திலும் வண்டி போகிறது. ‘கிளேசியர் எக்ஸ்பிரஸ்’ஸும் அதன் வழியேதான். ரோன் பனிப்பாறையைப் பார்க்க முடிந்ததால் வந்த பெயர் அது. பெயரில் பனிப்பாறை இருக்கிறது. வழியில் இல்லை.

மேலே பழைய பாதை. தன்னார்வலர்கள் அதை மீட்டு நடத்துகிறார்கள். கோடையில் மட்டும், நீராவி வண்டி.

அங்கே ஷ்டெஃபன்பாக் என்ற ஓடையின்மேல் ஒரு பாலம். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போகாமலிருக்க, குளிர் வருமுன் அதை மடித்து வைக்கிறார்கள். கோடை வருமுன் மறுபடி விரிக்கிறார்கள். 1925-லிருந்து இப்படி.

மடித்த பாலம். அந்த மாதங்களில் அந்த ஓடை.

இதை நினைக்கும்போது பயணத் தேதி, செலவு, தங்குமிடம் எல்லாம் சற்றுத் தள்ளிப் போகின்றன. பிறகு திரும்பி வருகின்றன.

*

கணவாய்க்கு அப்பால் ஆண்டர்மாட். அங்கே இரண்டு இரவு என்று எழுதுகிறேன். அடித்துவிட்டு மூன்று என்று எழுதுகிறேன்.

மலையில் இறங்கி நிற்காமல் மலையைக் கடப்பது. அதில் தவறொன்றும் இல்லை. மனம் ஒப்பவில்லை, அவ்வளவே.

*

சுவரில் பெரியப்பா. பிரெஞ்சுப் படையின் சொல்தா உடுப்பில். சைகோனில் எடுத்த படம்.

வியட்நாமின் தாலாத் மலை ரயிலைப் பற்றிச் சொல்வார். அங்கே குளிரும் என்பார். ரயில் மலையைப் பல்லால் கடித்துக் கடித்து ஏறும் என்பார். சொல்லும்போது தாடை அசையும்.

புதுவையிலிருந்து போனவர்கள் அந்த ரயிலில் ஏறியிருக்கிறார்கள். வேட்டியோடு சிலர். உடுப்போடு பலர்.

*

தாலாத் பாதையை பிரெஞ்சுக்காரர்கள் முடித்தது 1932-இல். மீட்டர்கேஜ். நடுவே பல் தண்டவாளம்.

1947-இல் ஃபூர்க்காவிலிருந்து நான்கு நீராவி எஞ்சின்கள் அங்கே போகின்றன. ஆல்ப்ஸில் மின்சாரம் வந்துவிட்டது. அவற்றுக்கு அங்கே வேலை இல்லை.

போர் வருகிறது. பாதை நிற்கிறது. எஞ்சின்கள் துருவேறிக் கிடக்கின்றன.

1990-இல் அவற்றைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுபோகிறார்கள். சில இப்போது மறுபடி ஃபூர்க்காவில் ஏறுகின்றன.

பெரியப்பா கேட்டது அந்த எஞ்சின்களில் ஒன்றின் சத்தமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

படத்தில் அவர் எதையோ பார்க்கிறார். சட்டத்துக்கு வெளியே.

*

அந்த எஞ்சின்கள் எல்லாம் ஒரே ஊரில் செய்தவை. விண்டர்தூர். சுவிட்சர்லாந்தின் வடக்கே, சமவெளியில்.

நீலகிரியின் நீராவி எஞ்சின்களும் அங்கிருந்துதான். 1920-களில் வந்தவை உண்டு. 1952-இல் வந்தவை உண்டு. இப்போது பொன்மலைப் பணிமனையிலும் செய்கிறார்கள்.

இந்தப் பாதைகளில் உள்ள பல் தண்டவாளம் ரோமன் ஆப்ட் கண்டது. இரண்டு பட்டைகள் அருகருகே. ஒன்றின் பல் முடியும் இடத்தில் மற்றதன் பல் தொடங்குகிறது. பற்சக்கரம் எப்போதும் ஏதோ ஒரு பல்லில் இருக்கிறது. எதிலும் இல்லாத கணம் இல்லை.

ஆப்டின் ஆசான் ரிக்கன்பாக். 1882-இல் அவர் நீலகிரிக்கு வந்து பாதை போட வழி சொல்கிறார். குன்னூர் வரை ரயில் ஏறுவது 1899-இல். அதே ஆண்டு அவர் இறக்கிறார். பாதையில் இருப்பது சீடனின் பல்.

*

உதகை 2,203 மீட்டர். பழைய ஃபூர்க்கா 2,160. ஓபரால்ப் கணவாய் 2,033.

மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கிறேன். உதகைதான் உயரம்.

அங்கே பனிப்பாறை. இங்கே தேயிலை.

*

நீலகிரி வரைபடம் மேலே வந்திருக்கிறது. எப்போது மாற்றினேன் என்று தெரியவில்லை.

*

புதுவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நேர் வண்டி இல்லை.

விழுப்புரம். அங்கிருந்து காட்பாடி வண்டி. இடையில் திருவண்ணாமலை. ஜன்னலில் அந்த மலை வெகுநேரம் இருக்கும். சுற்றுவதற்கான மலை அது. வண்டி சுற்றுவதில்லை. கடக்கிறது.

காட்பாடியில் காத்திருப்பு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு பதினொரு மணியை ஒட்டி வரும். சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் தூக்கத்தில் போகும். அல்லது தூக்கமில்லாமல்.

விடிகையில் மேட்டுப்பாளையம். எதிர் நடைமேடையில் மலை ரயில். 7:10.

*

கல்லாரில் பல் தொடங்குகிறது. குன்னூரில் முடிகிறது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம்.

எஞ்சின் முன்னால் இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறது. முதல் பெட்டிக்கு முன்னே காடு மட்டும்.

208 வளைவுகள். 16 சுரங்கங்கள். 250 பாலங்கள். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில். சைக்கிள் முந்திவிடும், ஆனால் மேட்டில் யாரும் சைக்கிள் மிதிப்பதில்லை.

அடர்லி. ஹில்குரோவ். ரன்னிமேடு. காட்டேரி. பெயர்களை மெல்ல உச்சரிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டு.

*

எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்த ஊரையும் அந்த மலையையும் சேர்த்தே நனைக்கும். மண் சரியும். மரம் விழும். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

தை நல்லது. உதகையில் புல்மேல் உறைபனி இருக்கும்.

பாலத்தை மடிப்பவர்கள் அங்கே. மழை ஓயட்டும் என்று இருப்பவர்கள் இங்கே.

*

டிரங்குப் பெட்டியில் கம்பளிச் சட்டை. அந்துருண்டை வாசனை. இந்த ஊரில் அதற்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை.

போட்டுப் பார்க்கிறேன். கழுத்தில் வியர்வை உடனே. முதுகில் ஒரு துளி இறங்குவது தெரிகிறது. மெதுவாக.

கழற்றவில்லை இன்னும்.

*

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மலை ரயிலில் இடம் குறைவு. திறந்த அன்றே போய்விடும் என்கிறார்கள்.

அக்கா மகளிடம் கோடையைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

*

குன்னூரில் இறங்கித் தங்குவது. எல்லோரும் நேரே உதகைக்குப் போகிறார்கள். குன்னூர் அவர்களுக்கு டீ குடிக்கும் நிறுத்தம்.

இங்கேதான் நீராவி எஞ்சின் கழல்கிறது. டீசல் வந்து மாட்டுகிறது. பல்லின் வேலை முடிந்துவிட்டது. அந்த இடத்தில் ஓர் இரவு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. காரணம் தேடவில்லை.

சிம்ஸ் பூங்கா, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மதியம் அங்கே. சாயங்காலம் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். காலையிலும் வண்டி உண்டு, பகலிலும் உண்டு. எதில் ஏறுவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.