பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்போம், ஏமாற்ற அல்ல



"என் மகன் ரொம்ப வெள்ளந்தி. இந்தக் காலத்தில் எப்படிப் பிழைக்கப் போகிறானோ?" என்று பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நம் பிள்ளை முன்பின் யோசித்து நடக்க வேண்டும் என்ற ஆசை தவறல்ல. ஆனால் யோசிக்கத் தெரிந்தவன் பிறரை ஏமாற்றவும் அந்த அறிவைப் பயன்படுத்தலாமே? அப்படியானால் நாம் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

சூரா யூசுஃபைக் கவனியுங்கள். அந்த ஒரே சூராவில் இரண்டு திட்டங்கள் வருகின்றன.

முதலாவது, சகோதரர்களின் திட்டம். கொல்வதா, கிணற்றில் போடுவதா என்று கூடிப் பேசினார்கள். தந்தையிடம் நயமாகப் பேசித் தம்பியை அழைத்துச் சென்றார்கள். சட்டையில் பொய் இரத்தத்தைத் தடவிக்கொண்டு, இரவில் அழுதபடியே வீடு திரும்பினார்கள். அவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. இறையச்சம்தான் இல்லை.

இரண்டாவது, யூசுஃப் (அலை) அவர்களின் திட்டம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட வேண்டும். உண்பதற்கான சிறிதளவு போக மற்றதைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும். பின்னால் வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவும் (12:47, 48). இதைச் சிறையில் இருந்துகொண்டே சொன்னார்கள். "முதலில் என்னை விடுதலை செய்யுங்கள், பிறகு சொல்கிறேன்" என்று பேரம் பேசவில்லை. பிற்காலத்தில் அந்தத் தானியத்தைத் தேடி வந்தவர்களில் அதே சகோதரர்களும் இருந்தார்கள்!

இரு தரப்புமே நாளையைப் பற்றி யோசித்தவர்கள்தான். "இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்பதோடு நின்றது ஒன்று. "இதனால் மக்களுக்கு என்ன ஆகும்?" என்று பார்த்தது மற்றொன்று.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். பன்னிரண்டு வயது தாண்டிய மகனிடம், "கண்டக்டர் கேட்டால் பதினொன்று என்று சொல்" என்கிறோம். கடன் கொடுத்தவர் போன் செய்தால், "அத்தா தூங்குகிறார்கள் என்று சொல்" என்று கையில் போனைக் கொடுக்கிறோம். இதுவும் பாடம்தான். சட்டையில் இரத்தம் தடவும் பாடம்! நாளை அதே பிள்ளை நம்மிடமே அந்தப் பாடத்தை ஒப்பிக்கும்போது யாரைக் குறை சொல்வது?

மாற்று வழி என்ன? பிள்ளையிடம் கேளுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தாம் கண்ட கனவைச் சொல்லி, மகனிடமே அபிப்பிராயம் கேட்டார்கள் (37:102). அவ்வளவு பெரிய விஷயத்தில் மகனின் கருத்தைக் கேட்டார்கள். நாமோ பெருநாள் சட்டையைக் கூட நாமே முடிவு செய்கிறோம்!

காய்கறி வாங்க 200 ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். எதை முதலில் வாங்குவது, எதை விடுவது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். வாரச் செலவுக்குக் கொடுத்த காசைத் திங்கட்கிழமையே தீர்த்துவிட்டால், செவ்வாய்க்கிழமை மறுபடியும் கொடுக்காதீர்கள். அந்தச் சிறிய நஷ்டம் இப்போதே வரட்டும். நண்பனுடன் சண்டை என்று வந்து நின்றால், உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். "நீ இப்படிச் சொன்னால் அவன் என்ன சொல்வான்? அதற்குப் பிறகு என்ன நடக்கும்? யார் மனம் நோகும்?" என்று கேளுங்கள்.

திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல. மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களோ முதலில் தெற்கே இருந்த ஸவ்ர் குகைக்குச் சென்றார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். வழி தெரிந்த ஒருவரை, அவர் முஸ்லிமாக இல்லாதிருந்தும், அமர்த்திக்கொண்டார்கள். அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் எதிரிகள் குகை வாசல் வரை வந்துவிட்டார்கள். அப்போது உள்ளத்துக்கு அமைதி தந்தவன் அல்லாஹ்தான்.

எனவே, நன்றாக யோசித்துச் செய்தும் பிள்ளை தோற்றால் திட்டாதீர்கள். முயற்சி நம்முடையது, முடிவு அவனுடையது என்று அந்த நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். அப்போது சொல்வதுதான் மனதில் நிற்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைத் தெளிந்த அறிவும் நேர்மையும் உள்ளவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.