பல வாத்தியக்காரரின் பை

மலேசியாவின் தம்பின் நகருக்குப் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் உறுமி அடித்தவரே, ராத்திரி கல்யாண மண்டபத்தில் கீபோர்டு முன் நிற்பார். பாடகர் வராவிட்டால் மைக்கும் அவர் கைக்குப் போகும். திங்கட்கிழமை வழக்கம்போல ஃபேக்டரி வேலை. கச்சேரியில் பெட்ரோல் காசு தேறினாலே பெரிசு.

உறுமிக்கு மழை ஆகாது. ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். தீயில் காட்டினால்தான் குரல் திரும்பும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அந்த உறுமல் எழும். ரோலண்ட் கம்பெனியின் ஆக்டோபேடு என்ற மின்னணுத் தாள வாத்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டுப் பட்டைக்குள் டோலக், தப்லா எல்லாம் அடக்கம். ஆனால் கரண்டு போனால் அது வெறும் பலகை.

"அரைக் கட்டை இறக்குங்கண்ணே" என்று பாடகர் சொன்னால் கீபோர்டில் ஒரு பொத்தான் போதும். கமகத்துக்குத்தான் திண்டாட்டம், இடக்கையால் சுருதியை வளைக்கும் சக்கரத்தை உருட்டிச் சமாளிக்க வேண்டும்.

எத்தனை வாத்தியம் தெரியும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பையில் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கூடுதல் வயர், எக்ஸ்டென்ஷன், டேப், 13 ஆம்ப் ஃபியூஸ். என்னைக் கேட்டால், இந்த நாலும் இல்லாதவரைக் கச்சேரிக்குக் கூப்பிடக்கூடாது.