தன் இறகைத் தானே பிடுங்கும் கிளி

கூண்டுக்கிளி தன் இறகைப் பிடுங்கினால், "தீனி குறையில்லாமல் வைக்கிறோமே" என்கிறோம். தலையில் இறகிருந்து, அலகு எட்டும் நெஞ்சு மட்டும் மொட்டையானால், பெரும்பாலும் தானே பிடுங்கியதுதான். தோல்நோய், சத்துக்குறைவு, தனிமை, சலிப்பு என எதுவும் காரணமாகலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூனையைக் கட்டிவைத்து நரகம் புகுந்த பெண்ணின் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. அவள் உணவும் தரவில்லை. தேடித் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆக, வளர்க்கலாம், வதைக்கக்கூடாது. அடைத்து வைத்தவருக்குத் தீனியோடு பொறுப்பு முடிவதில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் பனைப்பொந்தில் பிடித்த பச்சைக்கிளியா? வளர்ப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வெளிநாட்டுக் கிளியானால் விசாலமான கூண்டு, துணை, பழம், குளிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுவோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.