தனித் தடாகமும் பொதுப் பீலியும்: ஓர் அறவியல் நோக்கு

தன் உழைப்பால் ஈட்டிய பொருளைத் தான் விரும்பியவாறு துய்க்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்னும் வினா மிகப் பழையது. உணவையும் உடையையும் அணிகலனையும் முன்வைத்து அதனை ஆராய்ந்தோர் பலர். நீரை முன்வைத்து ஆராயும்போது அவ்வினா புதியதொரு கூர்மையைப் பெறுகின்றது. நெல்லை உழவன் விளைவிக்கின்றான்; துணியை நெசவாளன் நெய்கின்றான்; நீரையோ எவரும் ஆக்குவதில்லை. அது மேலிருந்து வந்து கீழ்நோக்கிச் செல்வது. இடையில் நிற்பவன் அதனைத் தடுத்து வைக்கின்றான், அவ்வளவே. ஊவா மலைநாட்டில் ஒருவன் தன் இல்லத்தினுள்ளே நீச்சல் தடாகமும் வெந்நீர்த் தொட்டியும் அமைக்க எண்ணுகின்றான் எனக் கொள்க. பணம் அவனுடையது, நிலமும் அவனுடையது. அவன் செயல் அறத்தோடு பொருந்துமா?

விடை காண்பதற்கு முன் அத்தடாகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளை அதனினும் உயர்ந்தது. அங்கே இரவின் குளிரில் திறந்தவெளித் தடாகம் நீராடுதற்கு ஏற்றதாகாது. ஆதலால் தடாகத்தைச் சுவருக்குள் அடைத்து நீரைச் சூடாக்க வேண்டியிருக்கின்றது. 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி 1.25 மீற்றர் ஆழமும் உடைய சிறிய தடாகம் 40,000 லீற்றர் நீரைக் கொள்ளும். அந்நீரின் எடை 40 தொன். அதனை 18 பாகையிலிருந்து 28 பாகை செல்சியசுக்கு மின்வெப்பமாக்கியால் நேரே உயர்த்துவதற்கு ஏறத்தாழ 465 கிலோவாற்று மணி மின்சாரம் தேவை. 60 வாற்று மின்குமிழ் ஒன்றை 320 நாள் இரவு பகலாக எரிப்பதற்கு அது போதுமானது.

கட்டுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. வெதுவெதுப்பான நீரிலிருந்து ஆவி ஓயாது எழும். அதனை அகற்றாவிடின் கூரை மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், சுவரில் பூஞ்சணம் படரும். ஆகவே சுவரினுள்ளே ஆவி புகாத படலம் ஒன்றும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொறி ஒன்றும் வேண்டும். அறையின் காற்றை நீரினும் ஓரிரு பாகை கூடுதலாகச் சூடாக்கி வைத்தால் ஆவியாதல் குறையும். நீரின் காரவமிலத் தன்மை 7.2 முதல் 7.8 வரையில் நிற்க வேண்டும். அது மாறினால் குளோரினின் வலு குன்றும் அல்லது கண் எரியும். வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டலாகாது. அது சிறியதாதலால் விரைவில் மாசடையும். கவனியாது விட்டால் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் அதிற் பெருகும். இவ்வாறு நோக்கின், வீட்டுத் தடாகம் என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளன்று. நாள்தோறும் ஊழியம் கேட்கும் ஒன்றாகும்.

இனி அதே மலைச்சரிவிலுள்ள லயங்களை நோக்குதல் வேண்டும். தோட்டங்களில் ஊற்று நீரைத் தாங்கியிற் சேர்த்துக் குழாய் வழியே இறக்குவது நெடுங்கால வழக்கம். பல லயங்களுக்குப் பொதுவாக ஒரு பீலி இருக்கும். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் அதுவே இடம். தென்மேற்குப் பருவக் காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவினுள் இறங்குகின்றது. யூலை முதல் செத்தெம்பர் வரையிலான இவ்வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தை அளிக்கின்றது. தேயிலைக்கு உயர்ந்த விலையைப் பெற்றுத் தரும் அதே காற்று, பீலியின் நீரையும் நூலாக மெலியச் செய்கின்றது. கொழுந்து பறிப்பவள் மலையிலிருந்து இறங்கி வந்து குடத்துடன் வரிசையில் நிற்பது அம்மாதங்களிலேதான். மணத்தின் விலை ஒருவரிடமும் வறட்சியின் சுமை வேறொருவரிடமும் சேர்வதை இங்கே தெளிவாகக் காணலாம்.

உடைமை உரிமைக்குத் தத்துவ அடிப்படை அமைத்த ஜோன் லொக், 1689 இல் வெளியான தமது அரசியல் நூலில் நீரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஓர் ஆறு முழுவதும் எஞ்சியிருக்கையில் ஒருவன் அதில் வேண்டிய அளவு பருகினால் பிறருக்கு இழப்பில்லை என்பது அவர் வாதம். பிறர்க்குப் போதியதும் அதே தரமுடையதும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே அவ்வுரிமைக்கு அவர் விதித்த எல்லை. மழைக்காலத்து ஊவாவில் அவ்வெல்லை மீறப்படுவதில்லை. ஆகத்து மாதத்து ஊவாவிலோ ஆறு முழுவதும் எஞ்சி நிற்பதில்லை. எனவே ஒரே செயல் மார்கழியில் குற்றமற்றதாகவும் ஆவணியில் குற்றமாகவும் ஆகலாம். அறம் காலத்தை நோக்காது என்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

தடாகம் கட்டுவோன் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. டேவிட் ஹியூம் 1752 இல் எழுதிய கட்டுரையொன்றில், நுகர்வின் நயம் வளருமிடத்துத் தொழிலும் அறிவும் மனிதப் பண்பும் சேர்ந்து வளரும் என வாதித்தார். கொத்தனும் மின் தொழிலாளியும் ஓடு பதிப்பவனும் இத்தடாகத்தால் ஊதியம் பெறுகின்றனர். மேலும் தடாகத்து நீர் நாள்தோறும் கொட்டப்படுவதன்று. வடிகட்டியினூடாகச் சுழன்று மீண்டும் வருவது. 32 சதுர மீற்றர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஆவியாகி இழக்கப்படுவது நூறு லீற்றர் அளவினது. மேலே விரிப்பிட்டு மூடின் அதுவும் குறையும். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் எனக் கொண்டால் அது இருவர் தேவைக்குச் சமம். முதன்முறை நிரப்பும் நீரோ 200 பேர் வாழும் லயங்களுக்கு நான்கு நாட்களுக்குப் போதுமானது. உடைந்த குழாயொன்று ஒரு திங்களில் இதனினும் மிகுதியாக வீணாக்கக் கூடும். ஆதலின் அளவை மட்டும் காட்டித் தடாகத்தைக் கண்டிப்பது நேர்மையான வாதமாகாது.

வேறொன்றும் மனங்கொள்ளத்தக்கது. வெந்நீரில் உடலை ஆழ்த்துதல் வீண் ஆடம்பரம் என ஒதுக்கிவிட முடியாது. நீரின் மிதப்பு மூட்டுக்களின் சுமையைக் குறைக்கின்றது. வெம்மை இறுகிய தசையைத் தளர்த்துகின்றது. கூடையைச் சுமந்து செங்குத்தான சரிவில் முப்பது ஆண்டு ஏறி இறங்கிய முழங்காலைப் போல் அதனை வேண்டி நிற்பது வேறெது? லயத்தில் பிறந்து கற்று உயர்ந்த மகனொருவன் தன் தாய்க்கு அத்தகைய தொட்டியை அமைப்பானாயின், அதனைச் செருக்கெனக் கூற எவரும் துணியார். எனவே வெந்நீர் தீதன்று. அது எவ்வாறு பெறப்படுகின்றது என்பதிலேயே அறம் தங்கியுள்ளது.

தன் காணியில் தோண்டிய ஆழ்கிணற்று நீர் தனக்கே உரியது என ஒருவன் வாதிடலாம். இவ்வாதத்துக்கு ஊவா மண்ணே மறுமொழி கூறியுள்ளது. உமா ஓயாத் திட்டத்துக்கான சுரங்கத்தினுள் 2014 இன் இறுதியில் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதியில் இறங்கினர். திட்டம் 120 மெகாவாற்று மின்னையும் தென்கிழக்கு வறண்ட நிலங்களுக்கு நீரையும் நோக்கமாகக் கொண்டது. 2024 ஏப்பிரலில் திறந்து வைக்கப்பட்டது. அதன் நன்மை தீமைகளை எடைபோடுதல் வேறு ஆராய்ச்சி. வேலிக்குக் கீழே வேலி இல்லை என்பதே இங்கு கொள்ளத்தக்க பாடம். 2014 ஒற்றோபர் 29 ஆந் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது. சரிவான நிலத்தில் 40 தொன் நீரை ஏற்றி, அதன் கசிவைக் கவனியாது விடுபவன் தன் சுவரை மட்டும் பணயம் வைப்பதில்லை. கீழே உறங்குவோரையும் பணயம் வைக்கின்றான்.

எனினும் இவை யாவும் திருத்தக்க குறைகளே. கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியிற் சேர்த்துத் தடாகத்தை நிரப்பலாம். கழிவு நீரைக் குளோரின் அகற்றி முறையாக வெளியேற்றலாம். திருத்த அரிதான குறை ஒன்று எஞ்சுகின்றது. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. அனுராதபுரத்துக் குட்டம் பொக்குண, வண்டலைப் படியவைக்கும் சிறு தொட்டிகளூடாக நீரைப் பெற்றது. தமிழகத்துக் கோயிற் குளங்களும் இவ்வகையினவே. இவை யாவும் பலருக்கு உரியன; வானைப் பார்த்துக் கிடந்தன. மழை பொய்த்தபோது படிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வறட்சியின் செய்தியைக் குளமே அனைவருக்கும் ஒரே நாளில் அறிவித்தது. பேரறிவாளன் செல்வத்துக்கு ஊருணியை உவமையாகத் திருவள்ளுவர் தேர்ந்தமை இந்நிலையில் புதுப்பொருள் பெறுகின்றது. ஊருணி நிறைவதும் குறைவதும் ஊர் அறியும். ஊரின் நிலையை ஊருணியும் அறியும்.

சுவருக்குள் அடைக்கப்பட்ட தடாகமோ என்றும் ஒரே மட்டத்தில், என்றும் 28 பாகையில் நிற்கின்றது. அதனைச் செவ்வனே இயக்குதல் என்பதன் பொருளே வெளியுலகின் மாறுதல் எதுவும் அதனை அணுகாது காத்தலாகும். வெளியே பீலி வற்றியமையை அதில் நீந்துபவன் அறிய வழியில்லை. அவன் கொடியவனாக இருக்க வேண்டியதில்லை; அறியாதவனாக இருந்தாற் போதும். இவ்வறியாமை அவன் பணம் கொடுத்துக் கட்டியது என்பதே அறவியல் கவனிக்க வேண்டிய இடம். தெரியாது என்பது பிழையை மன்னிக்கும் காரணமாகலாம். தெரியாதிருக்க ஏற்பாடு செய்துகொள்வது அவ்வாறு மன்னிக்கப்படுவதன்று.

ஆகவே தனித் தடாகத்தைக் கட்டுபவன் மேற்கொள்ள வேண்டிய கடன் தெளிவு. கீழே வாழ்வோர்க்கு நீர் சென்ற பின்னரே தன் தடாகத்துக்கு நீர் என்னும் முறையை அவன் ஏற்றல் வேண்டும். வறண்ட மாதங்களில் அதனை நிரப்பாதிருத்தல் வேண்டும். அனைத்தினும் மேலாக, பீலியின் நிலையைத் தன் கண்ணாற் காணும் வழக்கத்தை விடாதிருத்தல் வேண்டும். பீலிக்கரையில் முன்னே வந்தவள் முன்னே குடத்தை வைக்கின்றாள். கைக்குழந்தையுடன் நிற்பவளுக்கு அவளே வழிவிடுகின்றாள். எழுதாச் சட்டமாகிய அம்முறையைக் கற்றவர் லயங்களில் உள்ளனர். அவ்வரிசையில் தானும் ஒருவன் என்பதை மறவாதவனின் இல்லத்தில் தடாகம் இருப்பதால் அறம் குன்றுவதில்லை. மறந்தவனின் இல்லத்தில் ஒரு குடம் நீரும் மிகையே.