குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள்

 

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் தம் கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்து, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவித்த இந்த ஹதீஸ் முஸ்லிம் ஷரீபில் உள்ளது.

நாமும் வியாபாரிகளே. அரிசி மூட்டை வந்தால் குத்தூசி போட்டுப் பார்க்காமல் இறக்குவதில்லை. மிளகாயைக் கிள்ளிப் பார்க்கிறோம். ஆயுள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் தரகர் வாய்ச்சொல்லே போதுமென்று இருந்துவிடுகிறோம். இதைப் பிறரைக் குறித்தல்ல, என்னைக் குறித்தே சொல்கிறேன்.

2022-ல் கிள்ளானில் ஒரு வீடு வாங்கினேன். கடை அடைத்த பின் இரவு பத்து மணிக்குப் போய்க் கால் மணி நேரம் பார்த்தேன். சுவரெல்லாம் புதுச் சாயம். அடுத்த மழைக்காலத்தில் சாயம் உரிந்து, இடுப்பளவில் பழுப்புக் கோடு தெரிந்தது. 2021 டிசம்பர் 18-ல் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளம் இந்த வீட்டையும் விடவில்லையென்று பக்கத்து வீட்டார் சொன்னார். வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனில்லை!

பின்னர் விற்க நாடி, மறுபடி சாயம் அடிக்க ஆள் பேசினேன். அந்த வாரம் ஜும்ஆவில் இமாம் அவர்கள் மேற்சொன்ன ஹதீஸையே ஓதினார்கள். அந்த ஈரம் என் விரலிலே பட்டதுபோல் இருந்தது. வாங்க வந்த தம்பிக்கு அலமாரியை நகர்த்திக் கோட்டைக் காட்டினேன். "நல்ல வேளை சொன்னீர்கள், நானா" என்று போய்விட்டார். அடுத்து வந்தவர் கோட்டைப் பார்த்தே விலையைக் குறைத்து வாங்கினார். நஷ்டந்தான்; ஆயினும் நிம்மதியாகத் தூங்குகிறேன். இருவரும் உண்மை பேசிக் குறையை வெளியிட்டால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துபோகும் என்பதும் நபிமொழியன்றோ!

காணாத பொருளின் கிரயம் ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி செல்லாது. ஹனபி மத்ஹபில், கண்ட பின் வேண்டாமென்று விட்டுவிட உரிமையுண்டு. இரண்டும் உணர்த்துவது, கண்ணால் காண் என்பதே.

ஆகவே பகலில் ஒருமுறை, பெருமழை விட்டதும் ஒருமுறை நேரே செல்லுங்கள். அலமாரிக்குப் பின்னாலும் சுவரடியிலும் பாருங்கள். கூரையின் ஒழுக்கையும் சாக்கடை ஓட்டத்தையும் கவனியுங்கள். வெள்ளம் எந்தப் படிவரை வந்ததென்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். நாளை அவரோடுதானே வாழப்போகிறோம்! நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள்: யார் பெயரில் உள்ளது, வங்கிக்கு ஈடாயிருக்கிறதா, 99 ஆண்டுக் குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மீதம் என்பதெல்லாம் அங்கே தெரியும். அதன் பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்கும்போது கண்ணையும், விற்கும்போது நாவையும் பேணி நடக்க வல்ல நாயன் நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.