மாறிய உறுப்பும் மாறாத பெயரும்

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது வேறு பொருளாகிறது? பி.ஏ. படித்த நாளில் இக்கேள்வியை ஒரு தத்துவ நூலில் கண்டபோது, வேலையற்ற அறிஞர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட புதிர் என்றே எண்ணினேன். அது புதிரன்று; உடன்பிறந்தாரிடையே பேச்சு நின்றுபோகும் அளவுக்கு வலுவுள்ள கேள்வி. அதை நான் உணர்ந்தது ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டின் பின்புறத்தில், ஒரு பழைய ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

அந்த ஜீப் என் தந்தையாருடையது. 1968ஆம் ஆண்டு வண்டி. யாரோ பயன்படுத்திக் கழித்துவிட்ட நிலையில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, நண்பர் இருவருடன் கூட்டாக ஏலத்தில் எடுத்தார். பின்னர் அவர்கள் பங்கையும் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தமதாக்கிக்கொண்டார். அவர் சுரங்கப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். சங்கு ஊதி வேலை முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன் அரைமணி நேரமாவது வண்டியருகே நிற்பார். என் தாயார் அதை 'மூத்தாள்' என்பார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது தந்தையாருக்கு வேலை போயிற்று, வண்டி போகவில்லை. அவர் மறைந்தபின் அது பின்கட்டுத் தகரக் கொட்டகையில் ஆறேழு ஆண்டுகள் கிடந்தது. எலிகள் இருக்கைப் பஞ்சில் குடும்பம் நடத்தின.

ஜீப்பின் கதையே பெயரும் பொருளும் மாறி மாறி வந்த கதைதான். இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே வரைபடத்தைக்கொண்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பூட்டலாம்; போர்க்களத்தில் மூன்று உடைந்த வண்டிகளிலிருந்து ஒரு நல்ல வண்டியை எழுப்பலாம். அந்த நல்ல வண்டி மூன்றில் எது என்று எந்தச் சிப்பாயும் கேட்டிருக்க மாட்டான்! போருக்குப்பின், 1947இல், பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் அதைப் பூட்டத் தொடங்கினர். அந்நிறுவனம் 1945இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதும் கூடித் தொடங்கியது. பிரிவினைக்குப்பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மாறிற்று. ஆனால் 'எம் அண்டு எம்' என்ற இரண்டெழுத்து மட்டும் மாறவில்லை. கூட்டாளி போனார், எழுத்து நின்றது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன உயர்ந்த முகப்புடைய மாதிரியை, அதற்குப் பின்னும் நெடுங்காலம் நம் நாட்டில் செய்துவந்தனர். எஞ்சினின் தலைப்பகுதியிலேயே ஒரு வரிசை வால்வை வைத்ததால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் மூடியும் உயர்ந்தது. எங்கள் வண்டி அந்த வகை.

அதைச் சீர்செய்வது என்று முடிவுசெய்தபோது எனக்குத் தெரிந்தது கோப்பு எழுதுவது ஒன்றுதான். மத்திய அரசு எழுத்தனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. இருப்பினும் தந்தையாரின் கருவிப்பெட்டியும், அவரிடம் சிறுவனாக எடுபிடி வேலை செய்து இன்று தாமே பட்டறை நடத்தும் மெக்கானிக் ஒருவரும் இருந்தார்கள். ஓராண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன, போர் செய்து ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட்டோம். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். ஸ்டீயரிங்கில் கால் சுற்று ஆட்டம் இருந்தது; அதைக் குறைக்க மூன்று ஞாயிறுகள். ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, உடைந்தவற்றை நீக்கி, மற்றவற்றுக்குக் கொல்லுப்பட்டறையில் வளைவு ஏற்றினோம். தரைத் தகடு இருந்த இடத்தில் துரு மட்டுமே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பழுது நீக்குவது வேறு, மேம்படுத்துவது வேறு என்பதை அப்போதுதான் கண்டேன். பழுது நீக்குபவன் பொருள் முன்பு எப்படி இருந்ததோ அந்நிலையை நோக்குகிறான். மேம்படுத்துபவன் அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை நோக்குகிறான். பழைய டைனமோ, வண்டி மெதுவாகப் போகும்போது போதிய மின்சாரம் தராது. இரவில் மேட்டில் ஏறுகையில் விளக்கு மங்கும். அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தால் எஞ்சின் வெறுமனே ஓடும்போதும் விளக்கு எரியும். பழைய பிரேக்கில் ஒரே குழாய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். அதை இரண்டு சுற்றாக்கினோம். 'அசல் கெட்டுவிட்டது' என்று பழைய வண்டி சேகரிப்போர் முகம் சுளிப்பர். எனக்கு அவர்களிடம் அவ்வளவு மரியாதை இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிரேக் பிடிக்காத அசலைவிடப் பிரேக் பிடிக்கும் நகல் மேல் அன்றோ? நம் திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீக்கிரையாகி, பின்பு புதிதாகச் செய்யப்பட்டது. அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். வடம் பிடிக்கும் பக்தர்களில் ஒருவரேனும் இது ஆழித்தேர் அன்று என்று கூறியதுண்டா?

இவ்வளவும் தடையின்றி நடந்தது. தடை வந்தது சேஸிஸில். பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில், சேறும் நீரும் ஆண்டுக்கணக்கில் தங்கி, இரும்பு அப்பளம்போல் ஆகியிருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "இதுல ஒட்டு போட்டா நிக்காது சார். பழைய இரும்புக் கடையில நல்ல சேஸிஸ் ஒண்ணு இருக்கு. நம்ம நம்பர் இருக்கிற துண்டை வெட்டி அதுல ஒட்டிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

எஞ்சினை இறக்கிப் பிரித்தபோது வராத தயக்கம் அப்போது வந்தது. ஏன்? உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புத் துண்டுதானே! அன்றாடம் கோப்புகளோடு பழகுபவனாதலால் எனக்குப் பணிப்பதிவேடு நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பதிவு தவறாயின் கோடிட்டு அடிக்கலாம். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமும் தேதியும் இடலாம். சுரண்டி அழித்து மேலே எழுதலாகாது. அடித்தல் மாற்றம், சுரண்டல் பொய். எஞ்சினை மாற்றி அதைப் பதிவுச் சான்றில் ஏற்றுவது அடித்தல் போன்றது. எண்ணை வெட்டி வேறு சட்டத்தில் ஒட்டுவது சுரண்டல். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. நான் இதையெல்லாம் மெக்கானிக்கிடம் ஒரு சொற்பொழிவாகவே ஆற்றிவிட்டேன். "எங்கப்பா வண்டியில பொய் வேண்டாம்" என்று முடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது.

அடுத்த வாரம், வெல்டிங் வைப்பதற்காகச் சட்டத்தின் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது, எண் பொறித்த இடத்தைச் சுற்றி ஒரு நீள்சதுரக் கோடு தெரிந்தது. அரத்தால் இழைத்துப் பதப்படுத்திய, மிக நேர்த்தியான வெல்டிங் கோடு. அந்த நேர்த்தி யாருடையது என்பதை நான் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

கருவிப்பெட்டியின் அடியில் தந்தையாரின் கணக்கு நோட்டு இருந்தது. சுரங்கத்தில் மனிதரை ஏற்றி இறக்கும் கூண்டின் எஃகுக் கயிற்றை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குறித்த காலத்தில் கழற்றி மாற்றிவிடுவார்கள். மாற்றிய நாளைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் வண்டிக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தார். கிளட்ச் தட்டு, கிங்பின், ரேடியேட்டர் ரப்பர்க் குழாய், எல்லாம் தேதியோடு. 1986ஆம் ஆண்டில் ஒரு வரி: "சேஸிஸ் வேறு. நம்பர் பழையது." நான்கே சொற்கள். அவருடைய வழக்கமான கையெழுத்து. ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.

பெரியோர் இவ்விடத்தில் என்ன கூறுவர் என்று நூல்களிடம் திரும்பினேன். ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை நீக்கிப் புதிய பலகைகளை வைத்து வந்தனர் என்றும், அது அதே கப்பலா அன்றா எனத் தத்துவ அறிஞர் வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். 1655இல் ஆங்கில அறிஞர் ஹாப்ஸ் அதில் மற்றொரு முடிச்சைப் போட்டார்: நீக்கிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே முறையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல்? எங்கள் 1968ஆம் ஆண்டுச் சேஸிஸ் எந்த இரும்புக் கடையில் உருகியதோ! ஹாப்ஸ் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருக்க மாட்டார்.

நம் நாட்டில் இதற்கு முந்திய உரையாடல் ஒன்று உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பஞ்சாபை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரைப் பாலி நூல் மிலிந்தன் என்று அழைக்கிறது. தேரில் வந்த அவனைப் பௌத்தத் துறவி நாகசேனர் மடக்குகிறார்: ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? இவை அனைத்தையும் விட்டுத் தனியே தேர் என ஒன்று உண்டா? அரசன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். உறுப்புகள் கூடியிருப்பதைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு வருகிறான். அப்படியே மனிதனும் என்கிறார் துறவி. இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடரை அவர் இன்னோரிடத்தில் காட்டுகிறார்: முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அன்று, வேறும் அன்று, ஒன்றைத் தொட்டு ஒன்றாக எரிந்து வந்தது.

இந்த இரண்டாவது விடையே எனக்கு உதவிற்று. ஒன்றைத் தொட்டு ஒன்று வருவதில்தான் 'அதே' என்ற சொல் குடியிருக்கிறது. ஆனால் நாகசேனர் துறவி. அவருக்கு வண்டி விற்க வேண்டிய தேவை இல்லை. இல்லறத்தான் ஒருவன் இதனோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்: எதைத் தொட்டு எது வந்தது என்று கேட்பவருக்குச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் நூறு உறுப்பு மாறினும் அது அதே பொருள். சொல்லாமல் மறைத்தால் ஓர் ஆணி மாறினாலும் போலி.

என் தம்பி நாள்தோறும் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்து, பின்பு அங்கேயே குடியேறியவன். இந்த வண்டிக்கு அவனும் பணம் போட்டிருந்தான். அங்கே ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார். 'அசல் 1968' என்பதற்காகவே அந்த விலை. அவரிடம் நான் வெல்டிங் கோட்டைக் காட்டினேன். நோட்டையும் காட்டினேன். அவர் நல்லவர், தேநீர் அருந்திவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. தம்பி தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "பணம் போனது போகட்டும் அண்ணா. செத்துப்போன அப்பாவை ஒரு வெளியாள் முன்னால திருடனாக்கிட்டியே, அது எந்த தர்மம்?"

அதற்கு என்னிடம் அன்று விடை இல்லை. இன்றும் முழுமையாக இல்லை. வாங்குபவரை ஏமாற்றாதிருப்பது ஒரு கடன். தந்தையின் பெயரைக் காப்பது ஒரு கடன். இரண்டும் ஒரே இரும்புத் துண்டின்மேல் வந்து நின்றன. தந்தையார் அரசின் பதிவேட்டுக்கு உண்மையைத் தரவில்லை. அது தவறே, மகன் என்பதால் அதைச் சரியென்று எழுத என் கை வரவில்லை. ஆயினும் தம் நோட்டுக்கு அவர் உண்மையைத் தந்தார். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்ற நிலையில் ஒருவன் தன் பிழையைத் தேதியிட்டு எழுதுவானேன்? மறைக்க நினைத்தவர் அந்த நான்கு சொற்களை எழுதியிருக்க வேண்டியதில்லை. அதைப் படித்தவர்கள் படித்ததைச் சொல்லட்டும் என்று விட்டுப்போனார் போலும் என்று நான் தேற்றிக்கொள்கிறேன். தேற்றிக்கொள்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை நான்கு தலைமுறைக்கு முன் வட ஆர்க்காட்டிலிருந்தோ, சேலத்திலிருந்தோ தங்கம் தோண்ட வந்தவர்களின் வழிவந்தவை. எங்கள் பூர்வீக ஊருக்கு ஒருமுறை சென்றபோது, என் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்திருப்பதைக் கேட்ட ஒரு பெரியவர், "தம்பி எந்த ஊர்த் தமிழ் பேசுது?" என்று சிரித்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வண்டியின் அடியில் கிடந்து எழுந்தபின் அந்தக் கோபம் இல்லை. எந்தச் சொல் எந்தக் கடைத்தெருவில், எந்தப் பள்ளியில், எந்தச் சுரங்கத்தில் வந்து ஒட்டிற்று என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியும். அவர் கேட்கவில்லை, அவ்வளவே.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க நான் விண்ணப்பிக்கவில்லை. புதுப்பித்தால் அந்த எண்ணுக்குக் கீழே நானும் கையொப்பமிட வேண்டும். ஆதலால் அது தெருவுக்கு வருவதில்லை. உளுத்த இடத்தை வெட்டி எடுத்து, கனமான தகடு வைத்து வெல்டிங் செய்தோம்; மெக்கானிக் சொன்னதற்கு மாறாக அது நன்றாகவே நிற்கிறது. நோட்டில் தந்தையாரின் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு என் பதிவுகளைத் தொடங்கியிருக்கிறேன். 1986ஆம் ஆண்டு வரியை நான் தொடவில்லை.

இரண்டு மாதம் பேசாதிருந்த தம்பி சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். வண்டியைப்பற்றி நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. முடிக்கும்போது, முன் சக்கரத்துக் கிங்பின்னை மாற்றியாயிற்றா என்றான். இல்லை என்றேன். வரும் ஞாயிறு காலை ரயிலில் வருவதாகவும், அதுவரை கழற்ற வேண்டாம் என்றும் சொன்னான்.