கால் பங்கு ஆசிரியர்

1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘கர்மயோகின்’ இதழில் அரவிந்தர் தேசியக் கல்வியைப் பற்றித் தொடராக எழுதினார். நல்ல கற்பித்தலுக்கு அவர் வகுத்த முதல் விதி எந்த ஆசிரியரையும் கொஞ்சம் சங்கடப்படுத்தும். வெளியிலிருந்து ஒருவருக்கு எதையும் புகட்டிவிட முடியாது. ஆசிரியர் வழி காட்டலாம், துணை நிற்கலாம், அதோடு சரி. அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று அவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1950-இல் மறையும்வரை இந்த ஊரிலேயே இருந்தார்.

அதே புதுச்சேரியில்தான் தட்டாஞ்சாவடியும் இருக்கிறது. தொழிற்பேட்டை, தொழில் வணிகத் துறை அலுவலகம், விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவரும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எல்லாம் அடுத்தடுத்து அமைந்த பகுதி. சரக்கு, கூலி, கடன், வட்டி என்ற பேச்சு நாள் முழுக்க ஓடும் இடம். அங்கே ஒரு சிறு தொழிற்கூடத்தில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தொடுகிறது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறக்கிறார். ஆன்லைன் எம்.பி.ஏ. முதலாமாண்டு. அன்றைய பாடம், பணியாளர் மேலாண்மை.

இப்படிப் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1985-இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம், காலாப்பட்டிலிருந்து பல ஆண்டுகளாகத் தொலைநிலையில் எம்.பி.ஏ. நடத்திவருகிறது. ‘கரஸ்ல பண்ணேன்’ என்று அந்தக் காலத்தவர்கள் சற்றுக் குரல் தாழ்த்திச் சொல்வார்கள். இப்போது அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம். 2022 செப்டம்பரில் அந்தக் குழு இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது.

சட்டம் சமமாக்கியது சான்றிதழை. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்க வேண்டிய விவேகம், அதாவது யாரை நம்புவது, எப்போது பொறுப்பது, எதை விடுவது என்று அறியும் திறம், கற்றுத்தரக்கூடிய பொருள்தானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அது மிகப் பழைய கேள்வி.

பிளேட்டோவின் ‘மேனோன்’ உரையாடல் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது: நற்குணம் கற்பித்து வருவதா, பழகி வருவதா, பிறப்பிலேயே வருவதா? சாக்ரடீஸ் நேராகப் பதில் சொல்வதில்லை. நடுவில் படிப்பறியாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, சதுரம் வரைந்து, கேள்வி கேட்டுக் கேட்டே அவன் வாயிலிருந்து ஒரு வடிவியல் உண்மையை வரவழைக்கிறார். இன்றைய இணையப் பாடங்களில் நடுநடுவே குதித்து வரும் வினாக்களுக்கு இந்தச் சிறுவனே முன்னோடி எனலாம். ஆனால் சாக்ரடீஸ் இங்கே கொஞ்சம் சாமர்த்தியம் செய்கிறார் என்றே தோன்றுகிறது. கேள்வி நற்குணத்தைப் பற்றியது. செய்து காட்டியது வடிவியல். உரையாடலின் முடிவில் நற்குணம் தெய்வத்தின் கொடை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறார். நம் கடைவீதிகளில் ‘கைராசி’ என்று சொல்வார்களே, ஏறத்தாழ அங்கே போய் நிற்கிறது கிரேக்கத் தத்துவம்.

அரிஸ்டாட்டில் இந்த முடிச்சை இன்னும் நேராகப் பிடித்தார். இளைஞர்கள் கணிதத்தில் கெட்டிக்காரர்களாகிவிடலாம், நடைமுறை விவேகத்தில் அப்படி ஆக முடியாது என்றார். விவேகம் தனித்தனி நிகழ்வுகளைப் பற்றியது. அவை அனுபவத்தில்தான் பழகும். அனுபவத்துக்குக் காலம் வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் இருபத்தொரு வயதில் கல்லூரியிலிருந்து நேராக மேலாண்மை வகுப்புக்குள் போகிறவரைவிடத் தட்டாஞ்சாவடி சூப்பர்வைசரே பொருத்தமான மாணவர். கனடாவின் மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-இல் வெளியிட்ட நூலில் இதையே வம்புக்கிழுக்கும் தொனியில் வாதிட்டார். மேலாளரை வகுப்பறையில் உருவாக்க முடியாது. ஏற்கெனவே மேலாளராக உழல்பவர் தன் அனுபவத்தை வகுப்பில் அசைபோடலாம் என்பது அவர் கட்சி.

தமிழில் இந்தக் கணக்கை இன்னும் நுட்பமாகப் போட்டவர் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப்படும் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றல் எப்படி நிறைவடைகிறது என்பதற்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைவருகிறது.

இலக்கணத்துக்குச் சொன்ன இந்தக் கணக்கு மேலாண்மைக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இணையவழிக் கல்வியைப் பற்றி நடக்கும் சண்டை பெரும்பாலும் முதல் கால் பங்கைச் சுற்றியே நடக்கிறது: ஆசிரியர் எதிரில் இருக்க வேண்டுமா, திரையில் இருந்தால் போதுமா? வீண் சண்டை. 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-இல் வந்த ஸ்வயம் ஆகிய இணையக் கல்வித் தளங்களில் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்களின் வகுப்புகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். புரியாவிட்டால் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் கேட்கலாம். பெஞ்சின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதைவிட இது மேல்.

எடுத்துரைக்கும் அரைப் பங்கும் சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நேற்றிரவு ‘உற்பத்தித் திறன்’ பாடம் கேட்டவர், இன்று காலை எட்டு மணிக்கு ஆட்களிடம் ஒரு புது முறையை விளக்கியாக வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் பாடத்தில் எங்கோ ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும். முழுநேர மாணவருக்கு இந்தச் சோதனைக்கூடம் கிடையாது. அண்மையிலிருந்து தொலைவுக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு என்று அரவிந்தர் சொன்ன மூன்றாவது விதியும் இங்கே தானாக நிறைவேறுகிறது.

இந்த அரைப் பங்கைப் பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதே இல்லை. அசைன்மென்ட் என்ற பெயரில் எங்கோ உள்ள ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றி இரண்டாயிரம் சொற்கள் கேட்கிறார்கள். அதை இப்போது சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. இதற்குப் பதில் தினம் அரைப் பக்கம் வேலைக் குறிப்பு எழுதச் சொல்லலாம். புதுச்சேரியின் பெருவணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை கப்பல் வரவு, சரக்கு விலை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் கோபதாபம் என நாட்குறிப்பு எழுதிவைத்த ஊர் இது.

ஆக, காணாமல்போவது இரண்டாவது கால் பங்கு. உடன் பயில்பவர்.

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1920-களில் வழக்காய்வு முறையைப் பரப்பியதன் சூட்சுமம் இங்கேதான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் சிக்கலை எல்லோரும் படித்துவிட்டு வந்து ஒருவரோடொருவர் மோதிக்கொள்வார்கள். பேராசிரியர் மோதலை முறைப்படுத்துவார். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்துக் ‘கொண்டுவிக்க’ப் போன நகரத்தார் வீட்டுப் பையன்களுக்கும் கடை ஒரு பள்ளிதான். பெட்டியடிப் பையனாக நுழைந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி உயர்ந்தான். கடன் கேட்டு வந்தவரின் முகத்தைப் பெரியவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். எந்த ஏட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

தனியாகப் படிப்பவருக்கு நேரும் முதல் இழப்பு ஊக்கம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். காசு கட்டினால் கவனம் வரும் என்பது வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது இழப்பு அறம் சார்ந்தது, அதனால் இன்னும் கனமானது. ஆர்டர் குறைந்துவிட்டது, ஆறு பேரில் இருவரை நிறுத்த வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. திரையில் அது ஒரு எக்செல் தாள். பதில் சொல்ல இருபது நிமிடம். வகுப்பில் என்றால், அப்படி ஒரு முறை வேலையிழந்த அப்பாவின் மகன் பக்கத்து இருக்கையில் இருந்து எழுந்து நிற்கக்கூடும். அவன் கணக்கைத் தவறென்று சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் யார் யார் எண்களாக மாறிப்போனார்கள் என்று கேட்பான். மனிதரை நிர்வகிப்பதை மனிதர் எவருமில்லாத அறையில் கற்பதிலுள்ள கோளாறு இதுதான். மேலாண்மை வகுப்புக்குள் கீதையைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்யலாம் என்று நம்புவோர் உண்டு. அங்கேயும் அர்ஜுனன் தன் குழப்பத்தைத் தனியே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. எதிரே நின்றவர்களைப் பார்த்துத்தான் வில்லை நழுவவிட்டான்.

தீர்வு எளிது என்று தோன்றும்: தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலேயே ஆன்லைனில் படிக்கும் ஏழெட்டுப் பேரை மாதம் ஒருமுறை கூட்டிப் பேசவைத்தால் போதாதா? மின்ட்ஸ்பெர்க்கும் இத்தகைய சிறு குழுக்களை, ஆசிரியரே இல்லாமல், நிறுவனங்களுக்குள் நடத்திப் பார்க்கத் துணைநின்றவர்.

ஆனால் அவை ஒரே நிறுவனத்து ஆட்களின் குழுக்கள். தொழிற்பேட்டையில் அடுத்தடுத்த ஷெட்டுக்காரர்கள் ஒரே பார்ட்டியிடம் ஜாப் ஒர்க்குக்குப் போட்டி போடுபவர்களாக இருக்கலாம். எந்தப் பார்ட்டி மூன்று மாதமாகப் பேமென்ட் தரவில்லை, எந்த விலைக்கு ஒத்துக்கொண்டு கையைச் சுட்டுக்கொண்டோம், எந்த மிஷின் லோன் கழுத்தை நெரிக்கிறது என்பதையெல்லாம் போட்டியாளரிடம் யார் சொல்வார்? சொல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் டீயும் வடையும்தான் மிஞ்சும். நகரத்தார் கடைகளில் உண்மை பேச முடிந்ததற்கு உறவும் இனக்கட்டும் காவல் நின்றன. இங்கே அந்தக் காவல் இல்லை.

திரையின் தொலைவு இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. அதே பாடத்தில் சேர்ந்த ஒருவர் கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறார், இன்னொருவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார், மற்றொருவர் யாழ்ப்பாணத்தில் குளிர்பானக் கடைக்காரர் என்று வைத்துக்கொண்டால், இவர்களில் எவரும் தட்டாஞ்சாவடிக்காரரின் பார்ட்டியைத் தட்டிப் பறிக்கப்போவதில்லை. அவர்களிடம் ஐந்தொகையைத் திறந்து காட்டலாம். நிறுத்த வேண்டிய இருவரின் பெயரை மறைத்து, நிலையைச் சொல்லி யோசனை கேட்கலாம். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆயிரம் பேரை ஒரே வகுப்பில் கொட்டாமல், ஐந்தைந்து பேராக, ஒரே தொழில் ஒரே குழுவில் வராதபடி பிரித்துவிடுவது. பதிவுப் படிவத்தில் தொழில், ஊர் என இரண்டு கட்டங்கள் இருந்தாலே இதைச் செய்துவிடலாம். படிவங்களில் இப்போது அப்பா பெயரும் சாதிச் சான்றிதழ் எண்ணும் கேட்கிறார்கள். மாணவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.